எதுவும் விடுபடாமல்

பார்வையற்றோருக்கான எங்கள் ஒலிநூலகத்தில் எந்தப் புத்தகத்தைப் பதிவு செய்தாலும் முடிவில் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். "இந்த நூல் எதுவும் விடுபடாமல் வாசிக்கப்பட்டது." அதன் பிறகு வாசித்தவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார். வாசித்தவர் பெரும்பாலும் ரேடியோ அக்கா. சரிபார்த்தவள் நான். பதினோரு வருடமாக இதே ஜோடிதான். அக்கா அந்த வாக்கியத்தைச் சொன்னால் நீதிபதிகூட மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார், அப்படி ஒரு குரல். அந்த வாக்கியம்தான் எங்களை வசமாக மாட்டிவிட்டது.

அக்காவை நேரில் பார்ப்பவர்கள் குரலோடு ஆளைப் பொருத்த முடியாமல் திணறுவார்கள். குள்ளம், ஒல்லி, ஐம்பத்தெட்டு வயது, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். வாயைத் திறந்தால் அறை நிறைந்துவிடும். இங்கே வருவதற்கு முன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். இப்படி அவரைக் கிண்டல் செய்வது அவருடைய தம்பிதான். ரேடியோ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

தம்பிக்கு அக்காவைவிட ஆறு வயது குறைவு. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போது அக்காவுக்குப் பதினைந்து. அன்றிலிருந்து அக்காதான் அவருக்குக் கண். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சினிமா சுவரொட்டி, பள்ளிப் பாடம், பக்கத்து வீட்டுச் சண்டையில் யார் முகம் எப்படிக் கோணியது என்பதுவரை எல்லாம் அக்கா வாய் வழியாகத்தான் அவருக்குப் போயிற்று. பிறகு அவர் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இயக்குநராகச் சேர்ந்தார். இருநூறு எண்கள் மனப்பாடம். எங்கள் எல்லாருக்கும் அவர் ஆபரேட்டர் சார். அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போனபின் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். காலையில் தேநீரோடு அக்கா நாளிதழ் வாசிப்பார். தம்பி இடையிடையே அரசாங்கத்தைத் திட்டுவார். அவருக்குக் கல்யாணமாகவில்லை.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த அயோக்கியத்தனம் உங்களுக்குப் புரியாது. பதிவறைக்குள் மின்விசிறி ஓடக் கூடாது, சத்தம் ஏறிவிடும். அக்கா வளையலையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வெந்து வெந்து வாசிப்பார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை வைத்து வரிக்கு வரி பின்தொடர்வேன். பக்கம் சரியாக வந்தால் கீழ்மூலையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவேன். தவறினால் அக்கா ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி வாசிப்பார். இருமல், நாற்காலி கிறீச்சிடுவது, எச்சில் முழுங்குவது எல்லாவற்றையும் பிறகு நான் உட்கார்ந்து வெட்டுவேன். எச்சில் சத்தம் வெட்டுவதில் நான் ஒரு புலி.

அந்த நாவல் எங்கள் கையில் வந்தது ஆபரேட்டர் சாரால். கேட்போர் கூட்டம் என்று மாதம் ஒருமுறை எங்கள் கூடத்தில் நடக்கும். எல்லாரும் ஒரே புத்தகத்தைக் கேட்டுவிட்டு வந்து அதைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். கூட்டத்தை நடத்துபவர் அவர். "உலகமே பேசின நாவல், நமக்கு மட்டும் இன்னும் வரலை" என்று செயலாளரை நச்சரித்து வாங்கவைத்தார். பழைய நாவல். ஒரு நகரம். அங்கே யாரும் புத்தகத்தைத் தடை செய்வதில்லை, பறிமுதல் செய்வதில்லை. ஆறுதல் துறை என்று ஒரு துறை. அதிகாரி வீட்டுக்கு வருவார். செருப்பை வாசலில் விடுவார். "உங்க மனசு நோகிற மாதிரி எந்த வரி இருக்கு?" என்று பக்குவமாகக் கேட்பார். அந்த வரியின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார். கதாநாயகன் அந்த வெள்ளைத்தாளைத் துறைக்கு விற்கும் கடைக்காரன். இருநூறு பக்கத்துக்கு நன்றாக விற்கிறான், நன்றாகத் தூங்குகிறான். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு ஈரத்துணியோடு நகரச் சதுக்கத்துக்குப் போய், அறிவிப்புச் சுவரில் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக ஊறவைத்து உரிக்கத் தொடங்குகிறான். பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

நாற்பத்தாறு பேருக்கு மெமரி கார்டு அனுப்பினோம். ஒரு வாரத்தில் தொலைபேசி அலற ஆரம்பித்தது. பொதுவாக எங்களுக்கு வரும் அழைப்பு "கார்டு வேலை செய்யலை மேடம்" என்பதாகத்தான் இருக்கும். இந்த முறை அப்படியில்லை. ஒரு சட்டக் கல்லூரி மாணவி, "அந்த அதிகாரி ஒரு தடவைகூடக் கோபப்படலை மேடம், அதான் எனக்குத் தூக்கமே போச்சு" என்றாள். பிரம்பு நாற்காலி பின்னுகிறவர் ஒருவர், "வில்லன் எங்கே மேடம்? எல்லாரும் மரியாதையாப் பேசறாங்க, எனக்கு யாரை அடிக்கிறதுன்னே தெரியலை" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆறுதல் துறையின் பக்கமே நின்றார். "பாடம் நடத்தறப்போ நானே எவ்வளவு விட்டிருக்கேன், பிள்ளைங்க நல்லாத்தானே இருக்காங்க?" என்றார். எனக்குக் கேட்கக் கேட்கக் குஷிதான். எங்கள் புத்தகம் ஒன்று இத்தனை பேரைப் படுத்தியது அதுவே முதல் முறை.

ஆனால் ஒவ்வொருவரும் தொலைபேசியை வைப்பதற்குமுன் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அதெல்லாம் சரி மேடம், அந்தக் கடைக்காரன் எதுக்குத் திடீர்னு துணியைத் தூக்கிட்டுப் போனான்?"

முதல் நாலு பேருக்கு ஏதோ தத்துவம் பேசிச் சமாளித்தேன். ஏழாவது ஆள் கேட்டபோது தத்துவம் தீர்ந்துவிட்டது. ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் புரியாமல் போகுமா? எனக்குமே புரியவில்லையே, ஏன்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினேழாம் அத்தியாயம் பதிவான அன்று நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். அக்கா தனியாகவே இயந்திரத்தை ஓட்டி வாசித்திருந்தார். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து, ஒரு வரிகூடக் கேட்காமல், சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அக்கா வாசித்ததை ஒருநாள் சரிபார்க்காவிட்டால் என்ன என்ற நினைப்பு.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் புத்தகத்தையும் பதிவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருநூற்றுப் பத்தாம் பக்கம் முடிந்தது. ஒரு எச்சில் முழுங்கும் சத்தம். அடுத்த வரி இருநூற்றுப் பதினைந்தாம் பக்கம். நடுவில் நாலு பக்கம் காணோம்.

அந்த நாலு பக்கத்தை எழுந்து நின்றபடியே படித்தேன். கடைக்காரன் ஊருக்கு வெளியே இருக்கும் பார்வையற்றோர் இல்லத்துக்குத் தாள் கொண்டுபோகிறான். அவர்களைப் பார்த்ததும் அவனுக்குக் குமட்டுகிறது. அதை நாவலாசிரியர் சொல்லும் விதம் இருக்கிறதே, எனக்கே புத்தகத்தை மூடிவிடலாம் போலிருந்தது. குருட்டுப் புழுக்கள் என்கிறான். அவர்கள் சாப்பாட்டைத் தடவிச் சாப்பிடுவதை ஒரு பக்கத்துக்கு ரசித்து ரசித்து இழிவு செய்கிறான். நான்காம் பக்கத்தின் கடைசியில்தான் அங்கிருக்கும் ஒரு பெண் அவன் கையிலிருக்கும் தாளைத் தடவிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்கிறாள். வரிகளை மூட என்கிறான். மூடியதற்கு அடியில் என்ன இருக்கிறது என்கிறாள். தெரியாது என்கிறான். "உனக்குக் கண் இருக்கே, நீயும் பார்க்கலையா?" என்கிறாள். ஈரத்துணி அங்கேதான் முளைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் நாற்பத்தாறு பேரை அல்லாடவிட்டிருக்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அக்கா டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். "இதென்னக்கா வேலை?" என்று புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அக்கா குழாயை மூடினார். "வேணும்னேதான் விட்டேன். படிச்சியா நீ? புழுவாம்! என் தம்பியைப் புழுன்னு என் வாயாலேயே அவன் காதுல சொல்லச் சொல்றியா?"

"கதையே அதைப் பத்தித்தானேக்கா! மனசு நோகும்னு தாள் ஒட்டறானே அந்த அதிகாரி, அதைத்தானே நீங்களும் செஞ்சிருக்கீங்க?"

"தெரியாமலா இருக்கு? பதினாறு அத்தியாயம் வாசிச்சவளுக்குத் தெரியாதா? ரெண்டு தடவை ஆரம்பிச்சேன், வாய் வரலைடி. நாளைக்குச் சேர்த்துக்கலாம்னு தாண்டிட்டேன். மறுநாள் நீ வந்துட்டே. கையெழுத்தும் போட்டுட்டே."

கையெழுத்து என்றதும் என் சுருதி இறங்கிவிட்டது. சரி, நாலு பக்கத்தையும் வாசித்து எல்லாருக்கும் அனுப்பிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே மன்னிப்புக் கேட்கிறேன், செயலாளர் திட்டினால் திட்டிக்கொண்டு போகட்டும் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. "வேலை போனாப் போகட்டும். தம்பிக்குத் தெரியக் கூடாது. நான் ஒரு இடத்துல விட்டேன்னு தெரிஞ்சா, வேற எங்கெல்லாம் விட்டேன்னு கேப்பான்."

"வேற எங்கே விட்டீங்க?"

அப்போதுதான் சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஆபரேட்டர் சாருக்கு அதே மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண்ணோடு பழக்கம். எல்லாம் உள்தொலைபேசியில்தான். அவள் நீட்டிப்பு எண் நாற்பத்திரண்டு. வீட்டிலும் அவளை நாற்பத்திரண்டு என்றுதான் சொல்வாராம். "இன்னைக்கு நாப்பத்திரண்டுக்கு ஜலதோஷம்க்கா" என்பாராம். அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். அக்காவை எழுதச் சொல்லி அவர் பெண் கேட்டார், கொஞ்ச நாளில் அவளுடைய அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தம்பி ஆசையோடு நீட்ட, அக்கா பிரித்தார். முதல் வரியிலிருந்தே வசவு. கண்ணில்லாதவனுக்குப் பெண் கேட்கிறதா, பிச்சைத் தட்டில் சோறு போடுவார்கள், பெண்ணைப் போடுவார்களா என்று.

"நான் என்ன செஞ்சிருக்கணும்? 'மன்னிச்சுக்குங்க, எங்க பொண்ணுக்கு வேற இடம் பேசிட்டோம், நீங்க நல்லா இருக்கணும்'னு இல்லாத ஒரு கடிதத்தைப் படிச்சேன். தடங்கலே இல்லாம வந்துச்சு. 'எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கார்'னு அவன் கடிதத்தை வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டான். இன்னும் அவன் பெட்டியிலதான் இருக்கு."

"நல்லதுக்குத்தானேக்கா செஞ்சீங்க."

அக்கா டிபன் டப்பாவை மறுபடி கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவிய டப்பா. "அதுக்குக் கீழே இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு" என்றார். என்ன வரி என்று எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைவரை நாங்கள் இரண்டு பேரும் முள்மேல் நின்றோம். தொலைபேசி அடித்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அந்த நாவலைப் பற்றி என்றால் அக்கா எழுந்து பதிவறைக்குள் போய்விடுவார். ஒருநாள் பக்கம் திருப்பும்போது புத்தகம் கைநழுவி விழுந்தது. பதினோரு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம் என்று காலையில் தோன்றும், சாயங்காலத்துக்குள் எனக்கென்ன வந்தது என்று தோன்றும். வீட்டில் என் மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "அம்மா, உனக்கு மறுபடியும் பல் வலியா?" என்று அவள் கேட்டாள்.

கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஆபரேட்டர் சார் வழக்கம்போல அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து ஆரம்பித்துவைத்தார். முதல் கால் மணி நேரம் ஆசிரியரும் சட்டக் கல்லூரி மாணவியும் ஆறுதல் துறையைப் பற்றி மோதினார்கள். பிறகு வரவேண்டிய இடத்துக்குப் பேச்சு வந்தது.

"எழுதினவருக்குக் கடைசியில அவசரம்" என்றார் நாற்காலி பின்னுகிறவர். "வாசல்ல யாரோ வண்டியோட நின்னு ஹாரன் அடிச்சிருக்கணும். இருநூறு பக்கம் மக்கு மாதிரி இருந்த ஆள் ஒரே ராத்திரியில தியாகி ஆயிட்டான்."

"இல்லண்ணா, வேணும்னேதான் காரணம் சொல்லாம விட்டிருக்கார்" என்றாள் மாணவி. "நாமளே கண்டுபிடிக்கணும்னு."

"நாமளே கண்டுபிடிக்கிறதுன்னா நாமளே எழுதிக்கலாமே, எதுக்கு அவரு?"

கூடமே சிரித்தது. ஆசிரியர், ஒருவேளை நடுவில் ஏதாவது பக்கம் விட்டுப்போயிருக்குமோ என்று மெதுவாக இழுத்தார். ஆபரேட்டர் சார் கையை உயர்த்தினார்.

"அந்தப் பேச்சே வேண்டாம் சார். வாசிச்சது எங்க அக்கா. புத்தகத்துல இருந்தா வந்திருக்கும். வரலைன்னா புத்தகத்துல இல்லை. அதை வெச்சுக்கிட்டு மேல பேசுவோம்."

என் பக்கத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"இருந்துச்சு" என்றார்.

அது ரேடியோ குரல் இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அது போதும். "நாலு பக்கம் இருந்துச்சு. நான்தான் விட்டேன். கண்ணு தெரியாதவங்களைக் கேவலமா எழுதியிருந்தான். உங்களுக்கு வலிக்கும்னு விட்டேன்." கையெழுத்து என்னுடையது என்று நானும் எழுந்து உளறினேன், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாரும் ஆபரேட்டர் சார் என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

"எந்த அத்தியாயம்?" என்றார் அவர்.

"பதினேழு."

"சரி. கூட்டம் முடிஞ்சுது" என்று எழுந்தார். அக்கா ஓடிப்போய் முழங்கையை நீட்டினார். அவர் அதைத் தொடாமல், "தம்பி, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டிட்டுப் போறியா?" என்று அரைப் பார்வை உள்ள நாற்காலி பின்னுகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அக்கா அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நாலு பக்கத்தையும் பதிவு செய்தோம். அக்கா ஒரு சொல் விடாமல், ஒரு சொல்லை மென்மையாக்காமல் வாசித்தார். புழு என்ற இடத்தில் குரல் தடுக்கியது. அதை நான் வெட்டவில்லை. "இவை விடுபட்ட பக்கங்கள். விட்டவள் நான்" என்று முடித்தார். நாற்பத்தாறு பேருக்கும் அனுப்பினோம். செயலாளர் எங்கள் இருவரிடமும் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டார். கொடுத்தோம்.

மறுபடி தொலைபேசி அலறியது. நாற்காலி பின்னுகிறவர் எடுத்த எடுப்பில் எழுதியவரின் பரம்பரையையே இழுத்துவிட்டு, "ஆனா மேடம், அந்தப் பொம்பளை கேட்டா பாருங்க ஒரு கேள்வி! இப்பதான் கதை கதையாச்சு" என்றார். சட்டக் கல்லூரி மாணவி அழுதாள். அழுதுகொண்டே, "அக்காகிட்டச் சொல்லுங்க, எங்களைத் திட்டறதைக் கேக்க எங்களுக்குக் காது இருக்கு. பதிலுக்குத் திட்ட வாயும் இருக்கு. நீங்க எங்க காதைப் பொத்தவேண்டாம்" என்றாள். ஆசிரியர் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, பாடத்தில் தான் விட்டவை என்னென்ன என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அக்காவிடம் காட்டினேன். அக்கா அதில் ஒரே ஒரு ஆளைத் தேடினார். அவர் கூப்பிடவில்லை.

வீட்டிலும் அவர் பேசவில்லையாம். காலையில் தானே தேநீர் போட்டுக்கொள்கிறாராம். நாளிதழை அக்கா எடுத்தால் எழுந்து போய்விடுகிறாராம். நாலாம் நாள் கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்து செய்தி கேட்கிறாராம். "என்ன வாங்கினார்?" என்றேன்.

"ரேடியோ" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அக்காவுக்கும்தான். சிரித்து முடித்ததும் அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பத்தாம் நாள் பதினொரு மணிக்கு ஆபரேட்டர் சார் தனியாகக் கோலோடு படியேறி வந்தார். அக்கா உள்ளே ஒரு சமையல் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் நேரே வந்து என் பக்கத்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "இன்னொரு ஹெட்ஃபோன் இருக்கா?" என்றார். கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு தாள்.

"இதை உள்ளே கொடுங்க. மைக்ல படிக்கச் சொல்லுங்க."

எனக்கு அது என்னவென்று தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. "சார், இத்தனை வருஷத்துல வேற யார்கிட்டயாவது கொடுத்துப் படிச்சுப் பார்த்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"அக்கா பொய் சொல்றதுக்கு முன்னாடி எச்சில் முழுங்குவா. சின்ன வயசுலேருந்து. அன்னைக்கு இதைப் பிரிச்சதும் முழுங்கினா. உள்ளே வசவுதான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். வேற யார்கிட்டயாவது கொடுத்தா எங்க அக்காவைப் பொய்க்காரின்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். ஒருநாள் அவளே சொல்வான்னு இருந்தேன். பதினேழாம் அத்தியாயத்துல அதே சத்தம் கேட்டுது. இருந்தும் கூட்டத்துல அவளுக்காகப் பேசினேன். இனிமே முடியாது, படிக்கட்டும்."

நான் உள்ளே போய்த் தாளை மேசைமேல் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார். கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்தார். வளையல்களை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா வாசித்தார். பிச்சைத் தட்டு வந்தது. அதைவிட மோசமானவையும் வந்தன. ஆபரேட்டர் சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தலையைக்கூட லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார், தெரிந்த பாட்டைக் கேட்பதுபோல. அப்பாவின் கையெழுத்து என்று அக்கா வாசித்ததும் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றக் கை தூக்கினார்.

"இன்னும் இருக்கு" என்றது அக்காவின் குரல். "கீழே வேற மையில, வேற கையெழுத்து." நான் என் பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு எச்சில் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"'அப்பா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இவ்வளவையும் கேட்ட பிறகும் என்னோடு பேச உங்களுக்கு மனம் இருந்தால், சனிக்கிழமைக்குள் நான் கொடுத்த வீட்டு எண்ணில் ஒரு தடவை கூப்பிடுங்கள், நானே எடுப்பேன், வந்துவிடுகிறேன். நாற்பத்திரண்டு.'"

அவர் கை ஹெட்ஃபோன்மேல் அப்படியே நின்றது. "வசவுதான்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொன்னார். மறுபடி, "வெறும் வசவுதான்னு நெனச்சேன் மேடம்" என்றார்.

"மேல இருந்ததைப் படிக்காம கீழ இருந்ததைப் படிக்க முடியலைடா" என்று உள்ளேயிருந்து அக்கா அழுதார். "கோபம் அடங்கட்டும், ஒரு வாரம் கழிச்சுச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தம்பி, ஏதாவது பேசுடா."

உள்ளே பேசுவதற்கான பொத்தான் என் முன்னால் இருந்தது. அவர் மேசையைத் தடவினார். நான் அவர் விரலை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"அக்கா, நீ எனக்கு அன்னைக்கு இதைப் படிச்சது என்ன கிழமை?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு மட்டும் அசைந்தது.

"வியாழக்கிழமை."

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அப்போ ரெண்டு நாள் இருந்திருக்கு" என்றார்.